இருபது ஓட்டங்கள், ஒரே விடை

கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சலின் அடியில் இன்னொரு வரி இருந்தது: பிறர் ஓட்டிச் சரிபார்க்கும்படி சிமுலேஷன் நிரல்களையும் தரவையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை என்று நினைத்தேன். ஐந்து வாரம் இழுத்தது.

நெரிசலான இணைப்பில் பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளின் வரிசையை நிர்வகிக்கும் கோடெல், ரெட் ஆகிய இரண்டு முறைகளையும், வலையமைப்பைக் கணினியிலேயே பாவனை செய்து பார்க்கும் என்எஸ்-3 மென்பொருளில் ஒப்பிட்டிருந்தேன். மொத்தக் கோப்புறையும் 38 ஜிபி. அதில் பெரும்பகுதி பிகேப் கோப்புகள். ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த நொடியில் வலையமைப்பின் எந்தக் கணுவை, அதாவது எந்தக் கருவியை, கடந்தது என்ற பதிவுகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. வரைபடங்கள் எல்லாம் ஃப்ளோமானிட்டர் என்ற என்எஸ்-3 கருவி தரும் எக்ஸ்எம்எல் புள்ளிவிவரக் கோப்புகளிலிருந்து வந்தவை. பிகேப்பைக் கழித்தேன், மிஞ்சியது ஒரு ஜிபிகூட இல்லை. அதை அனுப்பினேன்.

பத்து நாளில், நிரல்களை ஓட்டிச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளரின் பதில் வந்தது. நிரலைக் கட்டி ஓட்டும் வாஃப் என்ற கட்டளையே இல்லையே என்றார். அவர் இறக்கியது என்எஸ்-3இன் புதிய பதிப்பு. 2022இல் வந்த 3.36இலேயே வாஃப் போய் சிமேக் வந்துவிட்டது. நானோ 3.30இலேயே குடியிருந்தேன், அதை எங்கும் எழுதிவைக்கவும் இல்லை. மனிதர் பொறுமைசாலி. எப்படியோ புதிய பதிப்பிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். படங்கள் என்னுடையவற்றோடு ஒத்துவரவில்லை. தேடியதில் காரணம் அகப்பட்டது. தரவை எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று முடிவுசெய்யும் டிசிபி நெறிமுறையில் எந்த வகை என்று என் நிரல் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் பழைய பதிப்பு நியூரெனோவை எடுத்துக்கொள்ளும், புதியது கியூபிக்கை. நான் எழுதாமல் விட்ட வரிதான் அவருடைய படத்தை மாற்றியிருக்கிறது.

அடுத்த கேள்விதான் வயிற்றைக் கலக்கியது. ஓட்டத்துக்கு ஓட்டம் விடை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் பிழைக்கோடுகள் மூன்றாம் படத்தில் மட்டும் ஏன் இல்லை? முடிவுகள் அவ்வளவு நிலையானவை என்று நான் பெருமையாக எழுதியிருந்த படம் அது. அந்தப் படத்துக்காக இருபது முறை ஓட்டியதில் கிடைத்த இருபது கோப்புகளுக்கும் எம்டி5 (கோப்பின் கைரேகை போன்ற எழுத்துச் சரம்) எடுத்துப் பார்த்தேன். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்துச் சரம்.

என்எஸ்-3இல் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணும், எத்தனையாவது ஓட்டம் என்று சொல்லும் ஓட்ட எண்ணும் மாறாதவரை எத்தனை முறை ஓட்டினாலும் அதே தற்செயல் எண்கள்தான் வரும். ஓட்ட எண்ணை 1 முதல் 20 வரை மாற்றித்தான் அனுப்பினேன். ஆனால் அந்த ஒரு நிரலில் மட்டும் கட்டளை வரியைப் படிக்கும் வரியை எழுத மறந்திருக்கிறேன். எண் வாசலோடு நின்றுவிட்டது.

ஆய்வு வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “மற்ற படங்களையும் பார்த்துவிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அன்றிரவு பார்த்தேன், மற்றவற்றில் இந்தக் கோளாறு இல்லை. மூன்றாம் படத்தை மறுபடி ஓட்டியபோது, சுமை குறைவான இடங்களில் இரு முறைகளின் பிழைக்கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. ‘எல்லாச் சூழலிலும் கோடெலே மேல்’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘சுமை கூடும்போது’ என்று எழுதினேன்.

2000 முதல் 2005 வரை மொபிஹாக் என்ற கம்பியில்லா வலையமைப்பு மாநாட்டில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்த மூவர், மறுபடி செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். என் முன்னுரையில் நான் மேற்கோள் காட்டியிருந்த செய்தி அது!

மீதி வேலை வேகமாக முடிந்தது. பதிப்பு எண், டிசிபி வகை, ஓட்ட எண்கள், ஒவ்வொரு படத்துக்குமான கட்டளை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினேன். என்எஸ்-3 ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் வருவதால் நான் திருத்திய நிரலுக்கும் அதே உரிமம். செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் டிஓஐ எனும் நிரந்தர அடையாள எண்ணை முன்கூட்டியே ஒதுக்கிக் கட்டுரையில் சேர்த்தேன், பிறகு வெளியிட்டேன்.

மறுநாள்தான் கண்ணில் பட்டது: படம் வரையும் நிரலின் முதல் வரி, தரவை என் பென்டிரைவில் போய்த் தேடுகிறது. ஜெனோடோவில் வெளியிட்ட கோப்பை அப்போது நாமாக மாற்ற முடியவில்லை. புதிய பதிப்பாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினேன். முதல் பதிப்பு, என் பென்டிரைவின் செல்லப்பெயரோடு, இன்னும் அங்கேயே இருக்கிறது.