அண்ணன் சட்டைக்கு இடுப்பு வந்தது

ஒருவழியாக ரப்பர் நூல் சுருங்கிவிட்டது! தையல் மிஷினின் அடியில் நூல் சுற்றிப் போடும் குட்டி உருளையான பாபினில் எலாஸ்டிக் நூலைச் சுற்றி, மேலே சாதாரண நூல் போட்டு அடிக்கும் அந்தச் சுருக்குத் தையலைத்தான் சொல்கிறேன். நீலக் கட்டம் போட்ட சட்டையின் முதுகில் வரிசை வரிசையாகத் தேனடை மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. காலையிலிருந்து வேலை வெட்டி இல்லாமல் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன்.

முன்கதை சுருக்கமாக. என் பீரோவில் இருப்பதெல்லாம் அண்ணன் போட்டு விட்ட சட்டைகள், திருப்பூர் காதர்பேட்டையில் அள்ளிக்கொண்டு வந்த ஆண்கள் டீ-ஷர்ட்கள், தொளதொள ஜீன்ஸ், ஒரு கார்கோ பேன்ட். பள்ளிக்கூட யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டதிலிருந்து இதுதான் என் உடுப்பு. அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. சமீப காலமாகத்தான், கண்ணாடி முன்னால் நிற்கும்போது இதே சட்டை கொஞ்சம் பெண்பிள்ளைச் சட்டையாகவும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அதற்காகப் புதுசாகக் குர்த்தி வாங்கி அடுக்கச் சம்பளம் இடம் கொடுக்காது. கொடுத்தாலும் பாக்கெட் இல்லாத உடுப்புக்குக் காசு எடுத்து நீட்ட எனக்குக் கை வராது. ஆகவே இருப்பதையே திருத்துவது என்று முடிவு. ஃபிரில், லேஸ், ரோஸ் கலர் எதுவும் கிடையாது. தோள் தோளில் நிற்க வேண்டும், இடுப்பு இருக்கிற இடம் தெரிய வேண்டும். என் கணக்குப்படி பெண்மைக்கு இந்த இரண்டும் போதும். மிச்சத்தை ஒரு ஜோடி ஆக்ஸிடைஸ்டு ஜிமிக்கி பார்த்துக்கொள்ளும்.

இடுப்புக்கு எல்லோரும் முதலில் சொல்வது, பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடி என்பதுதான். சுடிதார் டாப்புக்கு அது சரி. நல்ல ஆண்கள் சட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத் தையல் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டையாக அடித்திருப்பார்கள். தையல் பொடிப் பொடியாக இருக்கும். பிளேடை வைத்துப் பிரித்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும், பாப்ளின் துணி முழுக்க ஊசித் துளை நிற்கும். துணியைக் கூராக மடித்துத் தைக்கிற டாட் பிடிப்பது இன்னொரு வழி. முதுகில் இரண்டு நீள டாட் பிடித்து ஒரு வெள்ளைச் சட்டையை முடித்தும் விட்டேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் டாட் பிடித்த சட்டையில் குனிந்து ஸ்கூட்டியைத் தள்ள முடியவில்லை. எனக்கு இடுப்பும் வேண்டும், மூச்சு விடவும் வேண்டும். அதனால்தான் ரப்பர் நூல்.

வீட்டில் இருப்பது அம்மாவின் கால் மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் வரும். பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸ் இரும்பு. ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கிற முறைப்படி எலாஸ்டிக் நூலை இழுக்காமல் கையாலேயே பாபினில் சுற்றி, தையல் நீளத்தை ஆகப் பெரியதாக வைத்து, துணியின் நல்ல பக்கம் மேலே இருக்க அடித்தேன். தையல் அழகாக விழுந்தது. துணிதான் ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. அடியில் ரப்பர் நூல் தேமேயென்று படுத்திருந்தது. அடுத்தடுத்த வரிசையில் சுருங்கும், பொறு என்றார்கள். பொறுத்தேன். அடுத்தடுத்த வரிசையும் அதேபோல் படுத்துக்கொண்டது.

மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தைத்தான் மாற்றச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். அதைத் திருகித் திருகி நூல் அறுந்ததுதான் மிச்சம். சூட்சுமம் கீழே இருக்கிறது. பாபின் கேஸின் பக்கவாட்டில் தகட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும் அல்லவா, அதுதான் ஆள். ரப்பர் நூல் அந்தத் தகட்டுக்கு அடியிலிருந்து இழுபட்டுக்கொண்டே வெளியே வந்தால்தான், துணிக்குள் போன பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பும்போது துணியையும் கூட்டிக்கொண்டு வரும். தளர்வாக வந்தால் அது வெறும் தடித்த நூல். ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினேன், லேசாகச் சுருங்கியது. இன்னொரு கால் சுற்று. அவ்வளவுதான், துணி என் கண் முன்னாலேயே கூடிக்கொண்டு வந்தது. அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் தகட்டில் சிக்கித் தையல் விட்டுவிட்டு விழும். கேஸைக் கையில் பிடித்து நூலை இழுத்துப் பார்த்தால், விரலுக்கு மறுப்புத் தெரிய வேண்டும், ஆனால் நிற்காமல் வர வேண்டும். இதை எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ளும்.

இதற்கென்றே தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூவைத் திருகிய கேஸில் திரும்பவும் சாதாரண நூலைப் போட்டு அம்மாவின் ஜாக்கெட்டைத் தைக்கப் போனால் வீட்டில் சமாதானம் இருக்காது. அது ஒரு டீ, வடைச் செலவுதான். என்னுடையதன் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன்.

கட்டம் போட்ட சட்டையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கோடு போடவே வேண்டியதில்லை, கட்டத்தின் கோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம். வெற்றுத் துணியில் சுருங்கிய பிறகு அடுத்த வரிசை எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இரண்டாவது வரிசையிலிருந்து, ஏற்கெனவே சுருங்கியதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். கால் மிஷினில் கை இரண்டும் விடுதலையாக இருப்பது இங்கே பெரிய வரம். வரிசையின் ஆரம்பத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடிக்காதீர்கள். நூலை நீளமாக விட்டு அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். எலாஸ்டிக் தடிமன் என்பதால் பாபின் சீக்கிரம் தீர்ந்துவிடும், பாதி வரிசையில் தீர்ந்தால் அந்த வரிசையைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் கேஸைக் கழற்றிப் பார்ப்பது சோம்பேறித்தனத்துக்கு ஒத்துவராதுதான், ஆனால் பார்த்தே ஆக வேண்டும்.

முதுகின் நடுவில் 12 இஞ்ச் அகலத்துக்கு அடித்தேன். முடித்ததும் 9 இஞ்சுக்கு வந்தது. பிறகு அயர்ன் பாக்ஸின் ஆவியை மேலே காட்டினேன். துணியில் தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில். பாம்பு சுருள்வது போலெல்லாம் இல்லை, சும்மா ‘சுருக்’கென்று இழுத்துக்கொண்டது, 7 இஞ்ச்! பார்க்கும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சூடான பெட்டியை மேலே வைத்துத் தேய்த்தால் மட்டும் ரப்பர் செத்துவிடும். துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுவதும் ஆகாது. துணியும் முக்கியம்: மெல்லிய பாப்ளின், கேம்ப்ரிக், ரேயான், பலமுறை துவைத்து இளகிய பழைய சட்டை எல்லாம் சரி. தடித்த ஆக்ஸ்ஃபோர்டு சட்டைத் துணியில் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ஜீன்ஸ் துணியைக் கேட்கவே வேண்டாம்.

எலாஸ்டிக் நூல் வாங்குவதே ஒரு தனிக் கதை. ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டால் பாசிமணி கோக்கிற கண்ணாடி எலாஸ்டிக்கை எடுத்து நீட்டுவார்கள். ‘இதுதானுங்க்கா எலாஸ்டிக் நூல், எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க’ என்று சத்தியம் செய்வார்கள். அது இல்லை. ரப்பர் இழையின் மேல் நூல் சுற்றியிருக்க வேண்டும், முனையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். டெய்லரிங் சாமான் மட்டும் விற்கும் கடைகளில்தான் கிடைக்கும், கோவை டவுன்ஹால் பக்கம் அலைந்தால் மாட்டும். கறுப்பும் வெள்ளையும்தான் எப்போதும் இருக்கிறது. அடியில் போவது என்பதால் நிறம் பற்றிக் கவலையில்லை, ஆனால் வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு வேண்டாம், நிழல் தெரியும்.

இனி தோள். ஆண்கள் சட்டையில் தோள் தையல் கைக்கு இறங்கிவிடுகிறது, அதுதான் நம்மை இரவல் சட்டை போட்டவர் மாதிரி காட்டுகிறது. இங்கேயும் தையலைப் பிரிக்கவில்லை. கையைத் தையலை ஒட்டியே வெட்டி எடுத்துவிட்டேன், எப்படியும் தோளைக் குறைக்கப் போகிறோமே. உச்சியில் ஒன்றேகால் இஞ்ச் உள்ளே தள்ளி, அக்குளுக்கு வரும்போது பழைய கோட்டிலேயே சேர்கிற மாதிரி வளைத்து வெட்ட வேண்டும். கையைத் திரும்ப வைக்கும்போது கொஞ்சம் துணி மிஞ்சலாம். அதை உச்சியில் நாலைந்து சின்னச் சுருக்காகப் பிடித்துவிட்டால் பஃப் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு அந்த அளவு போதும். நீளத்தை முழங்கைக்குக் கீழே வெட்டி, மடித்து, கால் இஞ்ச் எலாஸ்டிக் நுழைத்தேன். ஒரு கைக்கு நுழைத்துவிட்டேன். இன்னொரு கை அப்படியே கிடக்கிறது, ஏனென்றால் நடுவில் பாக்கெட்டில் இறங்கிவிட்டேன்.

மார்புப் பாக்கெட் இருந்தால், இடுப்பு பிடித்த சட்டையில் அது கோணலாக நிற்கிறது. பிரித்தேன். அடியில், வெயிலும் சோப்பும் படாத பழைய நீலம் சதுரமாகப் பளிச்சென்று முழிக்கிறது. ஊசித் துளைகள் தண்ணீர் தெளித்துத் தேய்த்ததில் பாதி மூடிக்கொண்டன, ஆனால் நிறத்தை என்ன செய்வது? மறைக்கப் பார்ப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஆங்கர் எம்ப்ராய்டரி நூலில் சதுரத்தின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலித் தையலில் ஒரு கொடி ஓடுகிறது. மூன்று பக்கம் முடிந்தது. சட்டையிலேயே அழகான இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பிரித்த பாக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை, அதற்கு வேறு வேலை இருக்கிறது.

மார்புக்கு நேராகப் பட்டன் வாய் பிளப்பதற்கு இரண்டாவது, மூன்றாவது பட்டனுக்கு நடுவில் உள்பக்கமாக ஒரு டிச் பட்டன். வேறு வழியே யோசிக்க வேண்டாம்.

டீ-ஷர்ட்களை நான் தொடவில்லை. பனியன் துணி இந்த மிஷினில் அலை அலையாக விழுகிறது. முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி போட்டும் தையல் விடுகிறது. திருப்பூரில் பவர்டேபிள், அதாவது பனியன் தைக்கிற வேலைக்குப் போகிற ஓர் அக்கா, ஓவர்லாக் மிஷினில் பக்கத்தைப் பிடித்து, கழுத்து ரிப்பை வெட்டி எடுத்துவிட்டு அகலக் கழுத்தாக்கிப் பனியன் விளிம்பு அடிக்கிற பேட்லாக் மிஷினில் மடித்தும் கொடுத்தார். டீ-ஷர்ட்டுக்கு 40 ரூபாய். நான் போராடியிருந்தால் நூல் செலவே அதைத் தாண்டியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் இதுவரை ஆன செலவு ஒரு சுமாரான குர்த்தி விலைக்குள்தான்.

அம்மா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏங்கண்ணு, இப்பத்தான் புள்ள மாதிரி இருக்கற’ என்றார். அந்த ‘இப்பத்தான்’ எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரமும் நான் இதே புள்ளதான் என்றேன். ‘அதுக்கென்ன, ஜிமிக்கி பெருசா வாங்கிருக்கலாம்’ என்று பேச்சை மாற்றிவிட்டார். அண்ணனுக்குத்தான் வயிற்றெரிச்சல், அந்த நீலச் சட்டையைத் திரும்பக் கேட்கிறான். கேட்கட்டும்.

அடுத்தது பாவாடை. அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் சுங்குடிச் சேலை ஒன்று இருக்கிறது, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதைக் கொண்டாடியவர்கள்கூட இன்று கடையில் எடுப்பது பெரும்பாலும் அச்சடித்ததுதான். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, நடுவில் சின்னதாகச் சாயம் ஏறியிருக்கும். அம்மாயியுடையது அந்த வகை. கிழிசல் முந்தானைப் பக்கம் மட்டும் என்பதால்தான் கத்தரி வைக்கத் துணிந்தேன்.

மூன்று அடுக்குப் பாவாடை. மேலடுக்கு 45 இஞ்ச் சுற்று, அடுத்தது அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 68, கடைசி 102. சேலையின் அகலம் 46 இஞ்ச். அடுக்குக்கு 12 இஞ்ச் உயரம், தையலுக்கு ஓர் இஞ்ச் என்றால் மூன்றும் சேர்ந்து 39. ஆக மூன்று அடுக்கையும் நீளவாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகவே வெட்டிவிடலாம். சேலையில் மூன்று மீட்டருக்குக் கீழேயே வேலை முடிந்துவிடும். கீழ்க்கரை கடைசி அடுக்கின் விளிம்பாக அப்படியே வந்துவிடுவதால் மடித்தடிக்கிற வேலையும் மிச்சம். மீந்ததில் கை வைக்காத டாப் ஒன்று தேறும். பாவாடைக்கு உள்துணி வேண்டும், அதற்கு ஈரோடு கனி மார்க்கெட்டில் வாரச்சந்தை நாளில் போய்க் கட்பீஸ் எடுக்கலாம் என்றிருக்கிறேன். திங்கள் ராத்திரியே போட்டுவிடுவார்கள், செவ்வாய் மத்தியானத்துக்கு மேல் போனால் கழிசல்தான் மிஞ்சும்.

சட்டையிலிருந்து பிரித்த பாக்கெட் இந்தப் பாவாடையின் வலப்பக்கத் தையலுக்குள் போகிறது. போன் நிற்கிற ஆழம் இருக்கிறது, அளந்துவிட்டேன். சேலையைக் கல் உப்புப் போட்டு ஊற வைத்து, சாயம் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த இன்னொரு கைக்கு எலாஸ்டிக் நுழைத்தால் சட்டையை வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். ஊக்கைத்தான் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.