எமிலி ரோஸ் பார்த்த கிழமை

யூன் 27, வெள்ளி. முள்ளியவளை

தம்பி வவுனியாவிலிருந்து வரும்போது லப்டொப்பில் ஒரு படம் கொண்டுவந்தான். 'தி எக்ஸோர்சிசம் ஒஃப் எமிலி ரோஸ்', 2005இல் வந்தது. பேய்ப் படம் என்று சொல்லித்தான் போட்டான். சோளகம் தொடங்கியதிலிருந்து வீட்டுக்குள் ஒரே வெக்கை. விறாந்தையில் பாய் விரித்து ஏழு பேர் இருந்தோம்: அம்மம்மா, அம்மா, சித்தி, சித்தியின் மகள் சின்னவள், பக்கத்து வளவு மாமா, தம்பி, நான். அம்மம்மாவுக்காகத் தம்பி ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

பேயை எதிர்பார்த்திருந்தால் படம் நீதிமன்றத்துக்குள் போகிறது. பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன பெண்பிள்ளை இறந்துவிடுகிறாள். அவளுக்குப் பேயோட்டிய பாதர் கூண்டில் நிற்கிறார். வருத்தக்காரப் பிள்ளையின் மருந்தை நிறுத்தச் சொல்லிச் சாகவிட்டார் என்பது வழக்கு. வழக்குத் தொடுக்கிறவர் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிற மனிதர். பாதருக்காக வாதாட வந்த பெண் லோயருக்கோ கடவுள் உண்டா இல்லையா என்றே தெரியாது. அந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே இயக்குநர் ஸ்கொட் டெரிக்சனைப் பாராட்டலாம். யார் பக்கம் நிற்பது என்று நமக்கே பிடிபடாது.

மாமா பாதியில் எழும்பிவிட்டார். "உது சனத்தைப் பயப்படுத்திக் காசு பார்க்கிற வேலை" என்று சொல்லி, டோர்ச்சை அடித்துக்கொண்டு வேலியால் போனார். அம்மம்மா திருநீறு எடுத்து எல்லாருக்கும் பூசிவிட்டார். யேசு உயிர்விட்டது பகல் மூன்று மணி, அதற்கு எதிராகப் பேய் வருவது இரவு மூன்று மணி என்று படத்தில் சொல்கிறார்கள். இரவு தண்ணிமுறிப்புப் பக்கம் யானை விரட்டுகிற வெடி கேட்டபோது வீட்டில் ஒருவரும் நித்திரையில் இல்லை. மணி பார்க்கவும் ஒருவரும் துணியவில்லை.

யூன் 28, சனி

காலையிலேயே குசினியில் வழக்குத் தொடங்கிவிட்டது.

தம்பிக்கு அது வலிப்பு. படத்தில் டொக்டர் சொல்வதே சரி, மற்றதெல்லாம் பாதர்மாருக்கான விளம்பரம். அம்மாவுக்கு அது பேய்தான். "சிலாவத்தைக் கடல் தண்ணியில காட்டா விநாயகர் கோயிலில விளக்கெரியிறதைக் கண்ணால கண்ட ஊரடா இது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வாற சனமெல்லாம் விசர்ச்சனமோ?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. அவனும் அந்த விளக்கைக் கும்பிட்டவன்தான்.

என் எண்ணத்தை இங்கே எழுதுகிறேன். ஒரே சம்பவத்தைப் படம் இரண்டு விதமாகக் காட்டுகிறது. முதலில் எமிலி கண்டது: தானாகத் திறக்கிற கதவு, படுக்கையில் அவளை அழுத்துகிற ஏதோ ஒரு பாரம். பிறகு அதே இரவு, வழக்குத் தொடுக்கிறவர் சொல்கிறபடி: வலிப்பு வந்து உடம்பு முறுகிக் கிடக்கிற பிள்ளை. இரண்டையும் தராசில் வைத்துவிட்டுத் தீர்ப்பை எங்களிடம் விடுவதுபோல் இருக்கிறது. ஆனால் பயமுறுத்துகிற பக்கத்துக்குத்தான் நேரமும் சத்தமும் மழையும் இருட்டும். டொக்டரின் பக்கம் நாலு வசனத்தில் முடிந்துவிடுகிறது. தராசின் ஒரு தட்டில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அதற்காகப் படத்தைத் தூக்கி எறியவும் மனமில்லை. எமிலியாக நடித்த ஜெனிபர் கார்பென்டர் உடம்பை முறுக்கிக்கொண்டு நிலத்தில் கிடக்கிற காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

யூன் 29, ஞாயிறு

அவள் ஏன் பேசவில்லை என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

2011இல், சண்டை முடிந்து மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அடிக்கடி விழத் தொடங்கினாள். கண் மேலே செருகும், வாயால் நுரை வரும். ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். சனம் விடவில்லை. செத்த இடங்களைக் கடந்து வந்த பிள்ளை, ஏதோ பிடித்துவிட்டது என்றார்கள். சித்தப்பாவும் இல்லாத வீடு. சித்தி பார்வை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் நூல் கட்டி, கழிப்புக் கழித்து, கடைசியில் ஒரு சொல் சொன்னார்: "குளிசையை நிப்பாட்டுங்கோ. அது உள்ளுக்க இருக்கிற வரைக்கும் என்ர மந்திரம் ஏறாது."

சித்தி நிறுத்தினார். ஒன்பதாம் நாள் சின்னவள் அடுப்படியில் விழுந்தாள். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை மட்டும் இருக்கிற தழும்பு அந்த நாளுடையது. தோல் இறுகி மினுமினுப்பாக, ஓர் ஓரத்தில் சுருங்கிப்போய் இருக்கும். காப்புப் போட்டால் அந்த இடத்தில் சிக்கும். அதனால் வலக்கையில் மட்டும்தான் போடுவாள்.

வெள்ளி இரவு படத்தில் ஓர் இடம் வந்தது. பாதரின் பக்கம் சாட்சி சொல்ல வந்த பெண் நிபுணர், பேயோட்டல் பலிக்காமல் போனதற்குக் காரணமே எமிலி குடித்த மருந்துதான் என்கிறார். தம்பி அதைத் தமிழில் சொன்னபோது பாதியில் நிறுத்திவிட்டான். நான் சித்தியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. படத்தில் எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அதுதான். எங்கோ அமெரிக்காவில் படத்துக்கென்று எழுதிய வசனம், எங்கள் முற்றத்தில் ஒருவர் சொன்னதேதான்.

யூலை 1, செவ்வாய்

உண்மைக் கதையைத் தேடிப் படித்தேன். படத்தில் அமெரிக்காவாக மாற்றியிருக்கிறார்கள், நடந்தது ஜெர்மனியில். பெயர் அன்னலீஸ் மிஷெல். வலிப்புக்கு மருந்து எடுத்த பிள்ளை. 1975 செப்டெம்பரில் ஆயரின் அனுமதியோடு பேயோட்டத் தொடங்கி, பத்து மாதத்தில் 67 தடவை செய்திருக்கிறார்கள். கடைசி மாதங்களில் அவள் சாப்பாட்டை நன்றாகக் குறைத்துவிட்டாள். 1976 யூலை 1ஆம் திகதி இறந்தபோது வயது 23, நிறை ஏறக்குறைய 31 கிலோ. இன்றைய திகதி என்று கண்டதும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு படித்ததுதான் பாரம். படத்தில் பாதர் ஒருவர்தான் கூண்டில் நிற்கிறார். குற்றவாளி என்று சொன்ன நடுவர்களே, இதுவரை இருந்த சிறை போதும் என்று கேட்டு அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 1978இல் உண்மையில் நடந்த வழக்கில் இரண்டு பாதர்மாரோடு தாயும் தகப்பனும் சேர்ந்து குற்றவாளிகள். ஆறு மாதச் சிறை, அதையும் ஒத்திவைத்தார்கள். தாயைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அது வேறு படம். இந்த வீட்டில் ஒருவராலும் பார்த்து முடித்திருக்க ஏலாது.

சித்திக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். தம்பி சாப்பிடும்போது சொல்லிவிட்டான். அவனில் பிழையில்லை, வாதத்தில் வெல்லத்தான் சொன்னான். சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தார். "அந்தத் தாய் பிள்ளையைக் கொல்லவெண்டே செய்திருப்பா?" என்று மட்டும் கேட்டார்.

சின்னவள் போய்ப் பக்கத்தில் குந்தி, சட்டியை வாங்கினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் படத்தைப் பற்றி வாய் திறந்தாள். "பேயோ வருத்தமோ, எனக்குத் தெரியாதம்மா. அந்தப் பிள்ளைக்குப் பசிச்சிருக்கும். ஒருத்தரும் அதைக் கதைக்கேல்லை."

தம்பி கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டான்.

யூலை 2, புதன். மடு

மடு மாதா கோயிலில் ஆடித் திருவிழா. வான் விடிய மூன்று மணிக்கு வந்தது. அம்மா மணியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டுசுட்டான், மாங்குளம், பிறகு ஏ-9 வீதியால் வவுனியா, அங்கிருந்து மன்னார் வீதி. சைவக்காரர் நாங்கள் மடுவுக்குப் போவது புதினமில்லை. 2008 ஏப்ரலில் சண்டைக்குள் மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனபோது, அம்மம்மா சொந்த வீட்டில் ஆள் இடம்பெயர்ந்ததுபோல அழுதவர்.

மரத்தடியில் பாணும் சம்பலும் பிரித்தோம். சின்னவள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுக் குளிசையை எடுத்தாள். சித்தி போத்தல் மூடியைத் திறந்து நீட்டினார். பதினான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் அவள் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றும் நின்றார். பிறகு கொஞ்சம் மடு மண்ணைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டார். பாம்பு கடித்தால் பூசுவதற்கு.

மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் சின்னவள் இரண்டு திரி வாங்கியிருந்தாள். ஒன்று சித்தப்பாவுக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன்.

"எமிலிக்கு. அவவின்ர உண்மையான பேர் என்னண்டு சொன்னனீங்கள்?"

"அன்னலீஸ்."

பேர் வாயில் நிற்கும்வரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு காற்றுக்குக் கை மறைத்துத் திரியைக் கொளுத்தினாள்.