சக்கரத்துக்குப் பட்டை கட்டுதல்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர்க் கொல்லுப்பட்டறை என்றாலே லாடம்தான் நினைவுக்கு வரும். உண்மையான சாமர்த்தியம் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதில்தான்.

பிடி வைத்த சின்ன உருளையை வட்டையின், அதாவது சக்கரத்தின் மர விளிம்பின், மேல் ஓட்டிச் சுற்றளவு எடுப்பார்கள். பட்டையின் உட்பக்கத்திலும் அதே உருளை ஓடும். பட்டையின் சுற்றளவு வட்டையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். 4 அடிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 151 அங்குலம். 300 டிகிரி செல்சியஸ் சூடேற்றினால் இரும்பு அரை அங்குலம் நீளும். அந்தச் சூட்டில் மாட்டி, மரம் கருகிப் புகையும்போதே தண்ணீர் ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கி, வட்டையும் ஆரக்காலும் சக்கரத்தின் நடுவிலுள்ள குடமும் இறுகும்.

அளவு ரொம்பக் குறைந்தால் ஆரக்கால் வளையும். கூடினால் கோடையில் மரம் வற்றிப் பட்டை கழன்றுவிடும். விவசாயிகள் சக்கரத்தை ஓடையில் ஊறப்போட்டுச் சமாளிப்பார்கள். அது தற்காலிக வைத்தியம், மரம் காய்ந்ததும் மறுபடி பட்டறைதான்.