அவலாஞ்சிக்கு மேலே, தெரியாத ஓடையில்

பழகிய மடுவில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பது ஒரு சுகம். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும், எப்படி வீசினால் கிளையில் மாட்டாது என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத ஓடைதான் என்னை இழுக்கிறது. அதற்காகத்தான் இந்த முறை நீலகிரியில் எமரால்டு தாண்டி அவலாஞ்சிப் பக்கம் போனோம். மீன்வளத் துறை, வனத்துறை இரண்டிலும் முன்பே அனுமதி வாங்கியாயிற்று. வழிகாட்ட உள்ளூர் அண்ணன் ஒருவர் வந்தார்.

டிரவுட் இந்த மலையின் பூர்வீக மீன் அல்ல. 1860களிலேயே மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே கொண்டுவந்து பார்த்தார், நிலைக்கவில்லை. அப்புறம் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில்தான் ரெயின்போ டிரவுட் என்ற வகை வேர்பிடித்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளின் மீன் இங்கே பிழைத்ததற்குக் காரணம் குளிர்ந்த தண்ணீர். அந்தக் குளிர்ச்சியைத் தருவது சோலைக்காடும் புல்வெளியும்தான். மழையைப் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. அவை இருந்த இடத்தில் வெளிநாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மூடிய சரிவுகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

“தம்பி, மேல போகப் போக ஓடை குறுகும். ஆனா கசம் இருக்கு, அவசரப்படாதீங்க,” என்றார் அண்ணன்.

தெரியாத ஓடையில் முதல் வேலை தூண்டிலை வீசுவதல்ல, பார்ப்பது. தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் மணலையும் குச்சித் துணுக்குகளையும் ஒட்டிக் கட்டிய சின்னக் குழாய்கள். ஒன்றின் வாயிலிருந்து ஒரு புழு தலையை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. சரி, இதுதான் இங்கே மீனுக்குச் சாப்பாடு. அதே பழுப்பு நிறத்தில், கொஞ்சம் கனமான நிம்ஃப் (நீர்ப்புழுவைப் போலச் செய்த செயற்கை இரை) ஒன்றைக் கட்டினேன். மீனை எளிதாக விடுவிக்க, கொக்கியின் உள்முள்ளை முன்பே குறடால் நசுக்கியிருந்தேன்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, தலையை மேல்பக்கம் வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலேறிப் போனால்தான் நம்மைப் பார்க்காது. பின்னால் புதர், தலைக்கு மேல் காட்டுப்பூவரசின் கிளை. கம்பை முதுகுப்பக்கம் ஓங்க இடமில்லை. சரடைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட் மட்டும்தான் வழி. இரண்டு பாறைகளுக்கு நடுவே வேகமாக இறங்கும் தண்ணீர், அதன் ஓரத்தில் கருத்து நிற்கும் ஓர் அமைதியான பட்டை. அந்தக் கோட்டின்மேல் நிம்ஃபை இறக்கினேன். அது தானாக மிதந்து வர வேண்டும். சரடு கொஞ்சம் இழுத்தாலும் மீன் சந்தேகப்படும். சரடின் நுனி ஒரு கணம் நின்றது. கம்பைத் தூக்கினேன்.

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட்டேன். காய்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும், அப்புறம் நோய் தொற்றும். பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை, முதுகிலும் வாலிலும் கரும்புள்ளிகள். சின்னது, விட்டுவிட்டேன். (இந்த ஓடையில் இருப்பது இருக்கட்டும். புது ஓடைகளில் இனிமேல் டிரவுட்டை விடக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. அங்கே நம் சொந்தச் சிறுமீன்கள் இருக்கின்றன.)

மேலே ஓடை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவை நோக்கிப் போகிறது என்றார் அண்ணன். பூங்காவுக்குள் மீன்பிடிக்கத் தடை. வலப்பக்கம் ஏறினோம். சேற்றில் காட்டுமாட்டின் புதுக் குளம்படி தெரிந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார், மறுபேச்சில்லாமல் திரும்பினோம். அந்த வளைவுக்கு மேல் ஓர் அருவியும் பெரிய கசமும் உண்டாம். தென்மேற்கு மழை இறங்குமுன் போவதாகப் பேசியிருக்கிறோம்.