நாள் குறித்துவிட்டுப் பெர்மிட் கேட்கப் போன கதை

எங்கள் கோயில் பெரியதில்லை. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்து ஜாலான் பினாங்கை ஒட்டிய சந்தில், இரண்டு பழைய கடைவீடுகளுக்கு நடுவே, அறுபது பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் அம்மன் கோயில். நான் அதன் செயலாளர். பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, கோயில் வேலையெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, கும்பாபிஷேகம் செய்தாக வேண்டும் என்று தைப்பூசம் முடிந்த கையோடு கூட்டம் போட்டோம். குருக்கள் ஆவணியில் ஒரு முகூர்த்தம் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே பத்திரிகை வாசகம்கூட எழுதியாகிவிட்டது. பெர்மிட் என்ற சொல் அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான்.

பாரம்பரியப் பகுதி என்றால் கடைத்தெருவும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இருக்கிற பக்கம் மட்டும்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இங்கே இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். உள்ளே மையப் பகுதி, 109.38 ஹெக்டர். அதைச் சுற்றி 150.04 ஹெக்டர் காப்பு வளையம். அந்த வளையம் டிரான்ஸ்பர் ரோடு வரைக்கும் வருகிறது. எங்கள் சந்து அதற்குள் வசமாக மாட்டியிருக்கிறது. 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் இரண்டு பகுதிக்கும் பொருந்தும். அதில் கட்டடங்களை வகை பிரித்திருக்கிறார்கள். எங்கள் கோயில் இரண்டாம் வகை, அதாவது காப்பாற்ற முயற்சி எடுக்கத் தகுந்த கட்டடம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அம்மனைத் தற்காலிகச் சன்னதிக்கு மாற்றும் பாலாலயம் முடிந்த மறுவாரம், கட்டட வேலைக் குத்தகைக்காரர் முன்மண்டபக் கூரை ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். “உங்க கோயில், உங்க கூரை, யாரைக் கேக்கணும்?” என்பது அவர் கட்சி. மூன்றாம் நாள், கடைவீடுகளின் முன்னே கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நின்று ஒரு பெண் அதிகாரி படம் எடுத்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றோம். வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. குத்தகைக்காரர் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

பக்தர்களில் ஒருவர் வழக்கறிஞர். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தை அவர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். அனுமதியில்லாமல் வேலை தொடங்கினால் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. எங்கள் பொருளாளர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “2018ல பத்துமலைல 272 படிக்கும் பெயின்ட் அடிச்சப்பவே பாரம்பரியத் துறை கேள்வி கேட்டுச்சு, நாமெல்லாம் எம்மாத்திரம்” என்று யாரோ சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், பல கோயில் கமிட்டிகள் இதில்தான் குழம்புகின்றன. பாரம்பரியம் என்றதும் எல்லாரும் 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டத்தை நினைக்கிறார்கள். பழைய 1976 தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. பெரும்பாலும் பதிவேட்டில் ஏறிய இடங்களுக்கும் பொருள்களுக்கும்தான் அதன் காவல். எங்களைப் போன்ற சாதாரணப் பழைய கட்டடத்தைத் தினமும் கட்டிப்போடுவது திட்டமிடல் சட்டமும் அதன்கீழ் வந்த சிறப்புப் பகுதித் திட்டமும்தான். பதிவேட்டிலும் இல்லை, திட்டத்திலும் இல்லை என்றால் என்ன ஆகும்? கடலுக்கு அந்தப் பக்கம் கடாரத்தில், இன்றைய கெடா மாநிலத்தில், பார்த்தோமே. பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சம், இடிக்கப்பட்ட சேதி 2013இல் வந்தபோது, நிலம் தனியாருக்குச் சொந்தம், அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் என்றுதான் விளக்கம் வந்தது. ராஜேந்திர சோழன் பெயரைச் சொல்லி மேடைக்கு மேடை முழங்குகிற நாம் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இரண்டாம் வகை என்று எங்கள் கோயிலின் மேல் முத்திரை விழுந்திருப்பதை நான் தொல்லையாக நினைக்காததற்கு அதுதான் காரணம். கமிட்டியில் எல்லாரும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சரி, விண்ணப்பம். முதலில் லெபோ ஆச்சேயில் இருக்கும் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துக்குப் போய் ஆலோசனை கேட்டோம். அப்புறம் கொம்தார் கோபுரத்தில் இருக்கும் மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பாதுகாப்புத் துறை. என்னென்ன வேண்டும் என்று பட்டியல் கிடைத்தது. நிலப்பட்டா, உரிமையாளர் ஒப்புதல், பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அளந்து வரைந்த பிளான், இப்போதைய நிலையைக் காட்டும் படங்கள், எந்தப் பொருளை வைத்து எப்படிச் செய்யப்போகிறோம் என்ற விவரம்.

பட்டாவில் மூன்று அறங்காவலர் பெயர். இருவர் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார், வயது எண்பத்து நான்கு. இரண்டு தடவை பஸ் ஏறிப் போனேன். முதல் தடவை ஐயா என்னை என் அப்பா என்று நினைத்துக்கொண்டு, கோயில் கிணற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கிணறு மூடி முப்பது வருடம் ஆகிறது. இரண்டாம் தடவை கையெழுத்துப் போட்டார். புது அறங்காவலரை நியமிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அதை வழக்கறிஞர் பார்த்துக்கொண்டார்.

கட்டடக் கலைஞர், பழைய பக்தர் ஒருவரின் மகள். வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எடுபட்டபோது இந்தச் சந்திலிருந்து ரெலாவுக்குக் குடிபோன குடும்பம். அப்படிப் போனவர்கள்தான் எங்கள் பக்தர்களில் பாதிப் பேர், வெள்ளிக்கிழமை மட்டும் வருவார்கள். அந்தப் பெண் அங்குலம் அங்குலமாக அளந்தார். கூரையிலிருந்து இறக்கி வைத்திருந்த ஓடுகளைத் திருப்பிப் பார்த்தார். சிலவற்றின் பின்புறம் மார்செய் என்று பிரெஞ்சு நகரத்தின் பெயர் பொறித்திருந்தது. ஒரு சின்னக் கத்தியால் சுவரைச் சுரண்டினார். மஞ்சள், பச்சை, ரோஸ், மறுபடி மஞ்சள் என்று பெயின்ட் அடுக்கடுக்காக வந்து, கடைசியில் சுண்ணாம்போடு கலந்த அவுரி நீலம் தெரிந்தது. கமிட்டித் தலைவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சின்னப் பையனாக இருந்தபோது கோயில் நீலமாக இருந்ததாகச் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை என்றார்.

பெரிய சண்டை தளக்கல்லால் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு கமிட்டி, சுவரில் ஈரம் ஏறுகிறது என்று நாலடி உயரத்துக்குக் குளியலறைத் தளக்கல் பதித்துவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் உபயதாரர் பெயர். இன்னார் நினைவாக இன்னார் குடும்பம். கட்டடக் கலைஞர் பெண் சொன்னது இதுதான்: பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே காய்ந்து போகும். சிமென்டும் தளக்கல்லும் வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்துப் பெயின்டைத் தள்ளும். எங்கள் சுவரில் சரியாக ஐந்தடியில், தளக்கல் முடிகிற இடத்துக்கு மேலே, பெயின்ட் உரிந்து கிடந்தது. வருடா வருடம் அதன்மேல் பூசிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

காரணம் புரிந்தது. ஆனால் நாற்பத்தேழு குடும்பத்தின் பெயரை உடைக்க யார் தைரியமாகச் சொல்வது? ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, “எங்க அம்மா பேர்ல சுத்தியல் படுறதப் பாக்க முடியாது” என்று அழுதுவிட்டார். எந்தச் சட்டமும் எங்களை அந்தக் கல்லை எடுக்கச் சொல்லவில்லை. நாங்களாக முடிவு செய்ததுதான், அதனால் சமாளிப்பதும் எங்கள் பாடு. கடைசியில் எல்லாப் பெயரையும் செங்கால் என்ற கெட்டி மரத்தின் பலகையில் எழுதி வாசலில் மாட்டுவது, கற்களை உடையாமல் பெயர்க்க முயல்வது, கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று கூட்டம் ஆயிற்று. அனுமதியே அதைவிட எளிது என்று தோன்றியது.

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது நியாயம்தான். ஓட்டுக்குப் பதில் தகரக் கூரை, முன்மண்டபத்தை இரண்டடி உயர்த்திக் கான்கிரீட் என்று பழைய ஆசைகளையெல்லாம் அதில் திணித்திருந்தோம். இரண்டாவதில் ஓடு ஓடாகவே, உளுத்த மரத்துக்கு மரமே, உயரத்தில் கை வைக்கவில்லை, சுவருக்குச் சுண்ணாம்பு. கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் சொச்சத்தில் சாப்பு (முத்திரை) அடித்த அனுமதிக் கடிதம் கையில்.

சுண்ணாம்பு என்றதும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஸ்தபதி முறைத்துக்கொள்வார் என்று பயந்தேன். வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த வேலை என்று எங்கள் ஆட்களே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டார். “எங்க தாத்தா காலத்துல சுதையெல்லாம் சுண்ணாம்புதான் தம்பி. கடுக்காய்த் தண்ணி, வெல்லம் விட்டு அரைப்பாங்க. இப்ப எல்லாரும் சிமென்ட் கேக்குறாங்க, நாங்களும் அதுலயே செய்யிறோம்.” பின்கட்டில் பீப்பாய் பீப்பாயாகச் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டார். வாரக்கணக்கில் ஊறினால்தான் பதம் வரும் என்று தொடவே விடவில்லை. பொருளாளருக்கு அதைப் பார்க்கிற நேரமெல்லாம் வயிற்றைப் பிசையும்.

வடிகாலுக்குத் தோண்டும்போது ஏதாவது பழம்பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ சொல்ல வேண்டும், சட்டம் அப்படி என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன். சொன்னது நல்லதுதான். இரண்டாம் நாளே ஓடி வந்து கூப்பிட்டார்கள். மூச்சு வாங்கப் போய்ப் பார்த்தால், கோலிக்குண்டு அடைத்த சோடாப் போத்தல். இப்போது அது அலுவலக மேசையில் பூச்சாடி.

ஆவணி முகூர்த்தம் போயே போய்விட்டது. அம்மனைப் பாலாலயத்தில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தது பெரியவர்களுக்கு மிகவும் சங்கடம், அந்தக் குற்றம் எங்கள் கமிட்டியுடையது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபிறகு பாலாலயம், ஸ்தபதி வேலைக்கு ஒரு கணக்குப் போட்டபிறகு முகூர்த்தம் என்று வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. அடுத்த வைகாசியில் கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் இப்போது நீலம். பாதிப் பேருக்குப் பிடித்திருக்கிறது.

தளக்கற்களில் முப்பத்தொன்று முழுசாக வந்தன. பின்கட்டில் பழைய பேப்பர் சுற்றி அடுக்கி வைத்திருந்தோம். போன மாதம் பாயான் பாருவிலிருந்து ஒரு அண்ணன் வந்து, தன் அம்மா பெயர் போட்ட கல்லைத் தேடி எடுத்துத் துண்டால் துடைத்தார். வீட்டு வாசலில் பதிக்கப் போகிறாராம், பதினோராம் மாடி. “அதுக்கும் பெர்மிட் எடுக்கணுமாப்பா?” என்று கேட்டார்.

“உங்க ஃபிளாட் மேனேஜ்மென்ட்டக் கேட்டுக்குங்கண்ணே” என்றேன்.