படகு டிரெய்லர் ஸ்பிரிங் சத்தம்: எண்ணெய் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒற்றை அச்சு டிரெய்லர், மேலே 17 அடி ஃபைபர் படகு. பக்கத்துக்கு நான்கு எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். முன்கண் (பட்டையின் முன்முனையில் சுருண்ட வளையம்) சட்டத்தில் நேராக போல்ட் போட்டது, பின்கண் ஷேக்கிளில், அதாவது ஊசலாடும் இணைப்புத் தகடுகளில், தொங்குவது. கார் பார்க் மேடுகளில் மெதுவாக ஏறி இறங்கினால் ‘கிரீச்’. சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் ‘டொக்’. இவை ஒரே சத்தமாகத் தோன்றும், ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. இது தெரியாமல் ஸ்ப்ரே எண்ணெய் அடித்தால் இரண்டு வாரம் அமைதியாக இருக்கும், உள்ளே தேய்மானம் மட்டும் நடந்துகொண்டே போகும்.

‘கிரீச்’ என்றால் உராய்வு. காய்ந்த புஷ்ஷிலோ (ஸ்பிரிங் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் குழாய் உறை) பட்டைகளுக்கு நடுவிலோ வரும். ‘டொக்’ என்றால் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது: புஷ் தேய்ந்திருக்கும், போல்ட் ஓட்டை நீண்டிருக்கும், அல்லது ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கும்.

இடத்தைப் பிடிக்க இருவர் போதும். ஒருவர் டிரெய்லரின் பின்சட்டத்தை அழுத்தி அழுத்தி விட, மற்றவர் வெளியில் நின்றபடி ஒவ்வொரு போல்ட் தலையிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் பிறக்கும் போல்ட்டில் அதிர்வு விரலுக்குத் தெரியும். சந்தேகமான இணைப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். சத்தம் அப்போதே நின்றால் இடம் அதுதான். பிறகு ஷேக்கிளுக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் நடுவே கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். பார்த்தாலே தெரிகிற அளவு ஆடினால் புஷ் முடிந்தது.

இந்த ஊரில் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சிங்கப்பூரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். சாங்கி, பொங்கோல் பக்கம் கடலில் இறக்கி ஏற்றிவிட்டு அப்படியே நிறுத்தினால், பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் உப்புநீர் காயவே காயாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பட்டைகளைப் பிளந்து தள்ளும். வெளியே துத்தநாகப் பூச்சு பளபளக்கும்போதே உள்ளே செதில் செதிலாக உதிரும்.

வேலை தொடங்கும் முன் படகை இறக்கிவிடுங்கள். எடைக்காக மட்டும் அல்ல, பெட்ரோல் டேங்க் மேலே இருக்கும்போது கீழே கிரைண்டர் பொறி பறக்கக் கூடாது. எதிர்ச் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்தி, சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். அச்சின் நடுவில் ஜாக்கி வைத்தால் அச்சு வளையும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் கழற்றுங்கள், அச்சு இடம் மாறாது.

போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்தோம். அப்படியும் இரண்டு அசையவில்லை. ஷேக்கிள் தகட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே மெல்லிய வெட்டுத் தகடு போட்டு அறுத்தோம். கேஸ் நெருப்பு வைக்கவே கூடாது. துத்தநாகப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், சூடுபட்ட ஸ்பிரிங் எஃகு தன் பதத்தை இழந்துவிடும். கிரைண்டர் பிடிக்கும்போதும் மாஸ்க் வேண்டும்.

வெளியே வந்த போல்ட்டைத் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கள் இடதுபின் போல்ட்டில் நடுப்பகுதி இடுப்புபோல் ஒடுங்கி, நகம் படியில் இடறி நின்றது. உள்ளே இருந்த நைலான் புஷ் ஒரு பக்கம் தாள்போல மெலிந்து, ஓட்டை முட்டை வடிவில் இருந்தது. ‘டொக்’ வந்தது அங்கிருந்துதான்.

நைலானுக்குப் பதில் வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் வாய் (நிப்பிள்) வைத்த போல்ட்டும் போட்டோம். அளவில் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் புஷ் கடைந்து வாங்கலாம், கண்ணின் உள்விட்டமும் போல்ட் விட்டமும் வெர்னியரில் அளந்து கொண்டுபோக வேண்டும். வெண்கலம் கிரீஸ் இல்லாமல் நைலானைவிட மோசம், அதைப் போடுகிறவர் கிரீஸ் கன் வாங்கியே ஆக வேண்டும். ரப்பர் புஷ் என்றால் கதையே வேறு: சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதும், சிலிகான் மட்டுமே பூசலாம், நட்டை டிரெய்லர் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் போல்ட் தலை. தலைக்குக் கீழே வரிவரியாகப் பற்கள் இருக்கும். அவை தகட்டைக் கடித்து நிற்பதால் போல்ட் சுற்றாது, புஷ்ஷில் மட்டும் அசைவு நடக்கும். தலையைப் பிடித்துச் சுற்றி இறுக்கினால் பற்கள் மழுங்கி, போல்ட்டே ஓட்டையை அரைத்துவிடும். தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள். நைலான் வளையம் வைத்த நட்டு எப்போதும் புதியது. இறுக்கிய பிறகும் ஷேக்கிள் ஊசலாட வேண்டும், பிடித்துக்கொண்டால் மறுபடி ‘கிரீச்’தான். துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போடாதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வகை, 8.8 என்ற வலுத் தர எண் கொண்ட எஃகு போல்ட்டைவிட வலு குறைந்தது.

பட்டைகளில் மேலோட்டத் துரு மட்டும் இருந்தால் சுத்தம் செய்யலாம். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டைக் கழற்றும் முன் ஜி கிளாம்ப் போட்டுப் பிடித்து, மெல்லத் தளர்த்துங்கள். இல்லையென்றால் பட்டைகள் தெறிக்கும். நடு ஓட்டையைச் சுற்றியும் கண்ணின் வளைவிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். விரிசலோ, செதில் உதிர்ந்து மெலிந்த நுனியோ கண்டால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், வெல்டிங் வேண்டாம். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே. கண்ணிலிருந்து கண் நீளம், பட்டை அகலம், பட்டைகளின் எண்ணிக்கை, வளைவின் உயரம், தாங்கும் எடை ஐந்தும் பொருந்த வேண்டும்.

சுத்தம் செய்த பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் அப்புவது எனக்குச் சம்மதம் இல்லை. மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். அதைவிட முக்கியம், இந்த டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பட்டைகளின் உராய்வுதான் குதியலை அடக்குகிறது. அதை முழுக்க வழுக்கவிட்டால் சத்தம் போகும், டிரெய்லர் துள்ளும். துத்தநாகப் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகு கிராஃபைட் மெல்லப் பூசினால் போதும்.

யூ போல்ட்டும் பழையதைத் திரும்பப் போட வேண்டாம், மரை ஏற்கெனவே இழுபட்டிருக்கும். நடு போல்ட்டின் தலை அச்சின் மேல் ஸ்பிரிங் உட்காரும் திண்டின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு, குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அரை அங்குல யூ போல்ட்டுக்குப் பொதுவாக 60 முதல் 95 நியூட்டன் மீட்டர். அச்சு தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். முடிந்ததும் காரோடு மாட்டும் கப்ளிங்கின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைக்கும் டேப் பிடித்து அளந்தோம். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கிரீஸ் அடிப்பதைச் சட்டத்தைத் தூக்கி வைத்துச் செய்யுங்கள். எடை ஏறியிருந்தால் அழுந்திய பக்கத்துக்கு கிரீஸ் போகாது. தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ், இரு ஓரத்திலும் புதிய நிறம் வெளிவரும்வரை. முதல் 80 கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டும் வீல் நட்டும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும். எங்களுக்கு யூ போல்ட்டில் கால் சுற்று ஏறியது.