பேனலுக்குக் கீழே

பெரிய சூரிய மின் நிலையம் கட்டும்போது பேனல்களை ஏற்றி மாட்டுவது வேகமாக முடிந்துவிடும். என் கவலையெல்லாம் அவற்றுக்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான்.

ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். 100 மெகாவாட் என்றால் 400, 500 ஏக்கர். அவ்வளவு பரப்பில் மண் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மூலையில் களிமண், சற்றுத் தள்ளிப் போனால் பாறை. இரும்புத் தூணுக்குப் பேனலின் எடையைத் தாங்குவது பெரிய வேலையில்லை. பலத்த காற்றில் பேனல் மேலே தூக்கப்படும்போது மண்ணை விட்டு வராமல் நிற்பதுதான் கஷ்டம். அதனால் பல இடங்களில் சோதனைத் தூண்களை அடித்து, மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் இழுத்து, எவ்வளவு விசைக்கு அசைகின்றன என்று பார்ப்போம். களிமண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; தூணையும் கூடவே மேலே தள்ளிவிடும். இந்தச் சோதனையைச் சுருக்கி நாட்களை மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் சம்மதிப்பதில்லை.

அப்புறம் தண்ணீர். புல்லையும் புதரையும் மொத்தமாக வழித்தெடுத்த நிலத்தில், பேனலின் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் வடியும் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும். நீர் ஓடிப் பழகிய தடங்களை மறிக்காமல் விட வேண்டும், புல்லும் இருக்க வேண்டும். வெட்டி மாளவில்லை என்று பராமரிப்புக்காரர்கள் சலித்துக்கொள்வதும் நியாயம்தான்; பேனலுக்குள் மின்சாரம் தரும் சின்னத் தகடுகளான செல்களில், ஓரத்தில் உள்ளவற்றின் மேல் நிழல் விழுந்தாலே மின்சாரம் குறைகிறதே. இருந்தாலும் என் ஓட்டு புல்லுக்கே.

மின் வடிவமைப்பில் புதிதாக வருபவர்கள் வெயிலை மட்டும் பார்ப்பார்கள். வெயிலின் சூடு திறனைக் குறைக்கும் என்பது உண்மை: செல்லின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு. ஆனால் குளிரில் வோல்டேஜ் ஏறும். தொடராக இணைத்தால் பேனல்களின் வோல்டேஜ் ஒன்றோடொன்று கூடும்; நிலையத்தின் கருவிகளுக்கான 1500 வோல்ட் வரம்புக்குள் எத்தனை பேனலை அப்படி இணைக்கலாம் என்பதை அந்த இடத்தின் மிகக் குளிர்ந்த காலைப்பொழுதை வைத்தே முடிவு செய்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு, பேனலின் முதுகுப் பக்கம் தொங்கும் கனெக்டர்கள், அதாவது கேபிள்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்பிகள். பெரிய நிலையத்தில் அவை லட்சக்கணக்கில் இருக்கும். ஒன்று சரியாகச் சேராவிட்டால் சூடேறும், உருகும், தீப்பிடிக்கவும் கூடும். வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் வோல்டேஜ் இருக்கும். பேனல் தரும் நேர்மின்னோட்டத்தில் (DC) எழும் பொறியும் எளிதில் அணையாது. நிலையத்தைக் கிரிட்டில், அதாவது பொது மின் கட்டமைப்பில், இணைக்கும் தேதி நெருங்க நெருங்க, கேபிள் முனையில் கனெக்டரின் உலோகப் பகுதியை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்பவர்களைத்தான் எல்லோரும் விரட்டுவார்கள். எண்ணிக்கையைப் பார்த்துக் கூலி கொடுத்தால் அவர்களும் அவசரப்படாமல் என்ன செய்வார்கள்? அந்த வேலைக்கு நாள்கூலி கொடுங்கள், முடித்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க நேரம் கொடுங்கள் என்று ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.